நான்கு வீடு, ஒரு பெட்டி: ஹொக்கைடோ பயணத்துக்குச் சீனாவிலிருந்து குளிர் உடை வாங்கிய ஒரு கூட்டு ஆர்டர்

பின்னணி

சிங்கப்பூரில் செங்காங், பொங்கோல் பக்கம் குடியிருக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குச் சேர்ந்து போக முடிவு செய்தன. பெரியவர்கள் 8, பிள்ளைகள் 6. விமான டிக்கெட் ஜூலையிலேயே எடுத்தாயிற்று. என்ன உடுத்துவது என்ற பேச்சு செப்டம்பர் பாதிக்கு மேல்தான் வந்தது.

அங்குள்ள சப்போரோ நகரில் டிசம்பர் மாதச் சராசரி பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 4 வாக்கில் இருக்கும். வருஷம் முழுக்க 30 டிகிரியில் இருப்பவர்கள் வீட்டில் இதற்கு ஒன்றும் இருக்காது. சிங்கப்பூர்க் கடைகளில் விசாரித்தார்கள். பெரியவர் ஒருவருக்கு உருப்படியான கோட் 150 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையவில்லை. வாடகைக்கு எடுக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குச் சரியான அளவு கிடைக்கவில்லை. அதே தரத்துக் கோட் சீன இணையக் கடைகளில் 350 முதல் 500 யுவான், அதாவது 65 முதல் 93 வெள்ளி வரை. அப்போது ஒரு வெள்ளிக்கு 5.4 யுவான் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

சீன இணையக் கடையான தாவ்பாவ் சிங்கப்பூருக்கு நேரடியாகவே அனுப்புகிறது. பிறகு எதற்கு, நமக்காகச் சீனாவில் வாங்கிச் சேர்த்து இங்கே அனுப்பும் ஏஜென்ட்? இரண்டு காரணம் சொன்னார்கள். மொத்த விலைத் தளமான 1688-இல் உள்ள சில விற்பனையாளர்களிடம் தெர்மல் (குளிருக்கு உள்ளே போடும் உடை) மலிவாக இருந்தது, ஆனால் குறைந்தது 10 உருப்படி எடுக்க வேண்டும், பணம் கட்டும் வழியும் வெளிநாட்டவருக்குச் சுலபமில்லை. அடுத்தது, ஏஜென்ட்டின் கிடங்கில் பொருள் வந்ததும் பிரித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். என்னைக் கேட்டால் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு முழு ஈடு இந்த இரண்டாவது காரணம்தான்.

இந்தப் பயணத்தில் நான் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்துத் தரச் சொல்லி அவர்களுடைய ஷீட்டையும் வாட்ஸப் உரையாடலையும் கொடுத்தார்கள். எழுதுவதற்கும் சம்மதித்தார்கள். பெயர்களும் ஏஜென்ட்டின் பெயரும் வேண்டாம் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆர்டரை ஒருங்கிணைத்தவரை மற்ற மூன்று வீட்டாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

முதல் திட்டம்

அக்கா போட்ட திட்டம் எளிமையானது. எல்லாரும் ஒரே ஷீட்டில் இணைப்பு, அளவு, நிறம் எழுத வேண்டும். எல்லாம் ஏஜென்ட்டின் குவாங்டொங் கிடங்குக்குப் போகும். நவம்பர் 3ஆம் தேதி பெட்டியை மூடிக் கடல் வழியாக அனுப்பினால், இரண்டு மூன்று வாரத்தில், பள்ளி விடுமுறை தொடங்கும் சமயத்தில் வீட்டுக்கு வந்துவிடும். கடல் வழி கிலோவுக்கு 11 யுவான், விமான வழி 32.

இந்தக் கணக்கில் சீனாவின் விடுமுறை இல்லை. அக்டோபர் 1 தேசிய நாள். 2025இல் நடு இலையுதிர்கால விழாவும் அந்த வாரத்திலேயே விழுந்ததால் 8ஆம் தேதி வரை தொடர் விடுமுறை. செப்டம்பர் கடைசியில் போட்ட ஆர்டர்கள் அப்படியே கிடந்தன. உண்மையில் பொருள் நகரத் தொடங்கியது அக்டோபர் 10-க்கு மேல்.

சிறுவர் உடைகள் ஜெஜியாங் மாகாணத்தின் ஹூஜோவை ஒட்டிய ஜிலியிலிருந்தும், இறகுப் பஞ்சுக் கோட்டுகள் அதே மாகாணத்தின் பிங்ஹூவிலிருந்தும் வந்தன. சீனச் சந்தையில் இந்த இரண்டு ஊரும் இந்த இரண்டு சரக்குக்கே பேர்போனவை. அங்கிருந்து குவாங்டொங்குக்கு உள்நாட்டுக் கூரியரில் இரண்டு மூன்று நாள். தாமதம் இங்கே வரவில்லை.

அளவு: இரண்டு தடுக்கல்

சீன உடைகளின் சீட்டில் 165/88A என்பது போல் ஓர் எண் இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்றளவு, இரண்டும் சென்டிமீட்டரில். கடைசி எழுத்து உடல்வாகு. பெண்களுக்கு A என்றால் மார்புக்கும் இடுப்புக்கும் 14 முதல் 18 செ.மீ. வித்தியாசம் உள்ள உடல். B என்றால் 9 முதல் 13, C என்றால் 4 முதல் 8. ஆனால் கடைக்காரர்கள் பெரும்பாலும் A மட்டுமே வைத்திருக்கிறார்கள். அதில் மார்பு 4 செ.மீ. கூடும்போதெல்லாம் உயரம் 5 செ.மீ. கூடுகிறது.

நான்காம் வீட்டுப் பெண்ணின் உயரம் 157, மார்பு 96. அவர் மார்பைப் பார்த்து 175/96A எடுத்தார். கிடங்குப் படத்தில் கோட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைநீளத்தை மட்டும் அளந்து அனுப்பச் சொல்லி அக்கா கூடுதல் படத்துக்குக் காசு கட்டினார். தோள் தையலிலிருந்து மணிக்கட்டுவரை டேப்பை நீட்டி வைத்த படம் வந்தது: 64. அவர் வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டில் அதே இடத்தில் 56. விரல் நுனிகூட வெளியே தெரியாது. அதைத் திருப்பிவிட்டு, தளர்வான வெட்டில் L அளவு எடுத்தார்கள். அதில் சீட்டு எண்ணைப் பார்க்கவில்லை. கோட்டின் மார்பு 114 என்று கடைக்காரர் கொடுத்த துணி அளவைத்தான் பார்த்தார்கள். உள்ளே தெர்மலும் ஸ்வெட்டரும் போட வேண்டும் என்பதால் உடல் அளவைவிட 16 முதல் 20 செ.மீ. கூட இருந்தால்தான் கை தூக்க முடியும்.

அடுத்த தடுக்கல் எடை. சீனக் கடைகளின் அளவு அட்டவணை பெரும்பாலும் கிலோவில் இருக்காது, ஜின்னில் இருக்கும். ஒரு ஜின் 500 கிராம். இரண்டாம் வீட்டுக்காரர் 78 கிலோ. இங்கே பழைய சந்தையில் புழங்கிய கட்டிக் கணக்கு அவருக்குத் தெரியும். அது 600 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் 78 கிலோவை 130 என்று போட்டு, 130 முதல் 145 வரை என்றிருந்த XL-ஐத் தேர்ந்தெடுத்தார். உண்மையில் அவர் 156 ஜின், அதாவது XL-க்கு மேலே. சீனாவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஷீட்டைப் பார்த்ததால் ஆர்டர் போகும் முன்பே இது பிடிபட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் சிரமமே இல்லை. சிறுவர் அளவு 110, 120, 130 என்று உயரத்தை வைத்தே போகிறது. ஓர் அளவு கூட்டி எடுத்தார்கள், சரியாக வந்தது.

தீபாவளியும் ஏழு நாள் கெடுவும்

சீன நுகர்வோர் சட்டத்தில் 2014 மார்ச் முதல், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 7 நாளுக்குள் திருப்பித் தரலாம். இந்த 7 நாள் பொருளைக் கையெழுத்திட்டு வாங்கியதிலிருந்து தொடங்கும். ஏஜென்ட் வழியாக வாங்கும்போது கையெழுத்திடுவது கிடங்கு, வாங்கியவர் அல்ல. கிடங்கில் பிரித்துப் படம் எடுத்து ஏற்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் போய்விடும். மிஞ்சுவது நான்கைந்து நாள்தான். சீனாவை விட்டுப் பெட்டி கிளம்பிவிட்டால் திருப்பும் பேச்சே இல்லை.

முதல் தொகுதிச் சரக்கு அக்டோபர் 15இலிருந்து 18க்குள் கிடங்கில் இறங்கியது. 20ஆம் தேதி தீபாவளி. அதற்கு முன் சனி ஞாயிறு. முறுக்குப் பிழிவதும் வீடு வீடாகப் போவதுமாக இருந்த நேரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் ஏஜென்ட்டின் செயலியில் யாரும் பார்க்காமல் கிடந்தன. 22ஆம் தேதி இரவு அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்.

ஒரு சிறுவர் கோட்டின் பக்கத்தில் 90 சதவீதம் வெள்ளை வாத்து இறகுப் பஞ்சு என்று போட்டிருந்தது. படத்தில் உள் தையலில் தொங்கிய சீட்டைப் பெரிதாக்கினால் நிரப்புப் பொருள்: பாலியெஸ்டர் 100 சதவீதம். கெடு முடிய ஒரு நாள் இருந்தது. அந்த இரவே திருப்பச் சொன்னார், பணமும் வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு மட்டும் போயிற்று.

மற்ற கோட்டுகளில் சதவீதத்தோடு நிறுத்தாமல் நிரப்பிய எடையையும் பார்த்தார்கள். இது அதிகம் பேர் கவனிக்காத இடம். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஜிபி/டி 14272-2021 என்ற சீனத் தரவிதிப்படி, இறகின் உடைந்த இழைகளை விட்டுவிட்டு முழுப் பஞ்சுக் கொத்தின் விகிதத்தைத்தான் சீட்டில் போட வேண்டும். அது 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் 90 சதவீதம் என்பது உள்ளே இருப்பதன் தரத்தைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்லாது. ஒரு பெரியவர் கோட்டின் சீட்டில் நிரப்பு எடை 75 கிராம்தான். சப்போரோ இரவுக்கு அது போதாது என்று மாற்றி, 160 கிராம் கோட் எடுத்தார்கள்.

தப்பிப்போனது ஒரு ஜோடி சிறுவர் பூட்ஸ். உள்ளே பாதம் படும் அட்டையில் வைத்த டேப் 20 செ.மீ. காட்டியது. பிள்ளையின் பாதம் 19.6. தடிமனான சாக்ஸ் போட்டால் நுழையவே நுழையாது. படம் ஏறியிருந்தது 17ஆம் தேதி, பார்த்தது 22ஆம் தேதி இரவு, கடைக்காரரின் பதில் வருவதற்குள் கெடு முடிந்தது. அந்த பூட்ஸ் முதல் வீட்டின் சின்னப் பையனுக்குப் போயிற்று. பெரியவனுக்கு வேறு ஜோடி ஆர்டர் போட்டார்கள்.

முன்பதிவுக் கோட்டுகள்

இதற்கிடையில் அக்டோபர் நடுவிலேயே சீன இணையக் கடைகளின் பெரிய விற்பனை நாளான நவம்பர் 11 தள்ளுபடிக்கான முன்பதிவு தொடங்கிவிட்டது. இப்போது கொஞ்சம் முன்பணம், பிறகு குறிப்பிட்ட நாளில் மீதிப் பணம், அதன் பிறகு அனுப்புவார்கள். மூன்றாம் வீட்டார் தங்களுக்கு வேண்டிய மூன்று கோட்டுகளை இதில் போட்டார்கள். கோட்டுக்கு 80 யுவான் குறைவு.

வேண்டாம் என்று அக்கா சொன்னது உரையாடலில் இருக்கிறது: "மீதிப் பணம் கட்டினதுக்கப்புறம் 15 நாளுக்குள்ளன்னு போட்டிருக்கான். பெட்டி 3ஆம் தேதி மூடணும்." மூன்றாம் வீட்டுப் பெண்ணின் பதில்: "சும்மா போட்டிருப்பாங்க அக்கா, ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க. போன வருஷம் அப்படித்தான் வந்துச்சு." அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நண்பர்களுக்குள் செய்யும் ஆர்டரில் மறுத்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்வதில்லை, அதனால் இங்கே யாரும் மறுக்கவும் இல்லை.

நவம்பர் 3: பெட்டியை மூடுவதா, காத்திருப்பதா?

குறித்த நாளில் மூன்று முன்பதிவுக் கோட்டுகளும் மாற்று பூட்ஸும் தவிர மற்றதெல்லாம் கிடங்கில் தயார். கைவசம் இரண்டு வழி இருந்தது. தயாராக இருப்பதைக் கடல் வழியில் அன்றே அனுப்பிவிட்டு, மீதியைப் பின்னால் விமானத்தில் எடுப்பது ஒன்று. இன்னும் ஒரு வாரம் பார்த்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக விமானத்தில் அனுப்புவது மற்றொன்று.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், இரண்டு பெட்டி என்றால் செலவு கூடும் என்ற எண்ணம். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்தச் சரக்கின் கட்டண எடை, அதாவது பெட்டியின் அளவையும் பார்த்துக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளும் எடை, 16 கிலோ. கடல் வழியில் 176 யுவான், விமானத்தில் 512. காத்திருந்ததற்குக் கொடுத்த விலை 336 யுவான். முன்பதிவுத் தள்ளுபடியோ மூன்று கோட்டுக்கும் சேர்த்து 240.

ஒரு வாரம் கழித்தும் கோட்டுகள் வரவில்லை. நவம்பர் 11 நெரிசலில் உள்நாட்டுக் கூரியரும் மெதுவாகிவிட்டது. 12ஆம் தேதி, இருப்பதை மட்டும் விமானத்தில் அனுப்ப முடிவெடுத்தார்கள். ஆக, எந்த இரண்டு பெட்டியைத் தவிர்க்கக் காத்திருந்தார்களோ அதே இரண்டு பெட்டி, அதுவும் இரண்டுமே விமானக் கட்டணத்தில்.

பெட்டி கட்டுவது: காற்றுக்குக் கொடுக்கும் காசு

கோட்டு அனுப்பும்போது தராசு எடை பெரிதாகப் பேசாது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் எண், தராசு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கும், அப்போது இன்னும் கூடும்.

மாதிரிக் கட்டு கட்டிப் பார்க்கச் சொன்னபோது 60×50×50 பெட்டி. கட்டண எடை 25 கிலோ. தராசில் 15.4 கிலோதான். கிட்டத்தட்ட 10 கிலோ காற்றுக்குக் காசு. அக்கா இரண்டு காரியம் செய்யச் சொன்னார்: பூட்ஸ் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிவது, கோட்டுகளைக் காற்று உறிஞ்சி வேக்யூம் பையில் போடுவது. மறுபடி கட்டியபோது 60×40×40, கட்டண எடை 16, தராசில் 15.1. கட்டணம் 800 யுவானிலிருந்து 512-க்கு இறங்கியது. வேக்யூம் பைக்கும் கட்டுவதற்கும் 30 யுவான் ஆயிற்று. இறகுப் பஞ்சுக் கோட்டை மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் பஞ்சு படிந்துவிடும். பத்து நாள் பயணத்துக்கு ஒன்றும் ஆகாது. வந்ததும் தொங்கவிட்டு, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்தோடு சுற்றவிட்டார்கள், உப்பிக்கொண்டது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு சிக்கல். ஒருவர் மின்சாரத்தில் சூடாகும் உள்சட்டை வாங்கியிருந்தார், அதனோடு பவர் பேங்க். லித்தியம் மின்கலம் இருப்பதால் முழுப் பெட்டியையும் வேறு வழியில், கூடுதல் கட்டணத்தில்தான் அனுப்ப முடியும் என்று கிடங்கு சொன்னது. பவர் பேங்கை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். சட்டையில் சாதாரண யூஎஸ்பி இணைப்புதான், வீட்டில் இருந்த பவர் பேங்கே பொருந்தியது.

மதிப்பும் வரியும்

ஏஜென்ட்டின் படிவத்தில் பொருள் மதிப்புக்கான இடத்தில் ஒரு சின்னத் தொகை தானாகவே நிரம்பியிருந்தது. அதை அடித்து உண்மையான தொகையை எழுதினார்கள். குறைத்துக் காட்டுவது குற்றம் என்பது ஒருபக்கம். பெட்டி தொலைந்தால் காப்பீடு காட்டிய மதிப்புக்குத்தான் கிடைக்கும் என்பதும் அவர்கள் முடிவில் இருந்தது.

சிங்கப்பூரில் துணிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) மட்டும்தான். 2024 ஜனவரியிலிருந்து அது 9 சதவீதம். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் சரக்கின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 400 வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதியின்போது வரி இல்லை. 2023 ஜனவரியிலிருந்து, சிங்கப்பூரில் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்களும் தளங்களும் சரக்கு மாற்றி அனுப்பும் நிறுவனங்களும் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு விற்கும்போதே வரியை வாங்கிவிடுகின்றன. இந்த ஏஜென்ட் அப்படிப் பதிவு செய்தவர் அல்ல. எனவே சரக்கு உள்ளே வரும்போது பார்க்கும் அந்த 400 வெள்ளிக் கணக்குத்தான்.

முதல் பெட்டியில் பொருள் 5,200 யுவான், அதாவது 963 வெள்ளி. அனுப்பும் செலவோடு 1,058. வரி சுமார் 95 வெள்ளி, அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம். நவம்பர் 20ஆம் தேதி பெட்டி வீட்டுக்கு வந்தது.

இரண்டாவது பெட்டி

18ஆம் தேதி இரண்டு முன்பதிவுக் கோட்டுகள் கிடங்குக்கு வந்தன. மூன்றாவது வரவில்லை. இந்த முறை காத்திருக்கவில்லை. மாற்று பூட்ஸ், கையுறை, தொப்பிகளோடு சேர்த்து 22ஆம் தேதி அனுப்பி, 29ஆம் தேதி வந்தது. கட்டண எடை 8 கிலோ, 256 யுவான். மூன்றாவது கோட்டைக் கடைக்காரரே கடைசியில் இருப்பு இல்லை என்று ரத்து செய்தார். மூன்றாம் வீட்டுப் பெண் அலுவலகத்தில் ஒருவரிடம் கோட் இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

இந்தப் பெட்டியின் மதிப்பு செலவோடு சேர்த்து 310 வெள்ளி. வரி எதுவும் கேட்காமல் வாசலுக்கு வந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. முழு ஆர்டரையும் நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறக்குறைய 340 வெள்ளி. அவரவர் பொருள் அவரவர் பெயரில், உண்மை மதிப்போடு நான்கு பெட்டியாக வந்திருந்தால் எல்லாமே 400-க்குள். ஏஜென்ட்டின் கட்டணப் பட்டியலை வைத்துப் பார்த்தேன். கூடுதலாக இரண்டு பெட்டிக்குக் கையாளும் கட்டணமும், எடையை மேலே முழுமையாக்குவதும் சேர்ந்து 70 யுவானைத் தாண்டாது. 13 வெள்ளி மிச்சம் பிடிக்க 95 வெள்ளி வரி கட்டியிருக்கிறார்கள்.

சேர்ந்து வாங்கியதே தவறு என்று நான் சொல்லவில்லை. 10 உருப்படிக்குக் குறைந்தால் தராத கடையில் தெர்மல் எடுக்க முடிந்தது சேர்ந்து வாங்கியதால்தான். ஒருவர் கண்ணில் படாத சீட்டு இன்னொருவர் கண்ணில் பட்டதும் அதனால்தான். வாங்குவதைச் சேர்த்துச் செய்ததில் லாபம் இருந்தது, ஒரே பெட்டியில் அனுப்பியதில் இல்லை. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டதில்தான் தாமதமும் வரியும் வந்தன. தனித்தனிப் பெட்டியாக இருந்திருந்தால் மூன்றாம் வீட்டுக் கோட்டுக்காக மற்ற மூன்று வீடும் காத்திருக்கவும் வேண்டாம், நவம்பர் 3ஆம் தேதியே கடல் வழியில் போயிருக்கலாம். கடல் வழியில் வருவதற்கான வரி நடைமுறையை மட்டும் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், ஏனென்றால் 400 வெள்ளிச் சலுகை விமானத்துக்கும் அஞ்சலுக்கும்தான்.

சப்போரோவில்

கோட்டுகள் குளிர் தாங்கின. தெர்மல் பற்றி யாருக்கும் குறை இல்லை. பூட்ஸ்தான் ஏமாற்றியது. உள்ளே கம்பளி, வெளியே நீர் புகாத துணி எல்லாம் சரி, ஆனால் அடிப்பாகம் வழவழப்பு. மிதிபட்டு இறுகிப்போன பனியில் இரண்டாம் நாளே இரண்டு பேர் விழுந்தார்கள், அடி பெரிதாக இல்லை. பூட்ஸில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை சப்போரோவில் கடைக்குக் கடை கிடைக்கிறது. எல்லாருக்கும் வாங்கினார்கள். அத்தனை கிடங்குப் படங்களில் பூட்ஸின் அடியைக் காட்டிய படம் ஒன்றுகூட இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கணக்குத் தீர்த்தது

பொருள் விலை அவரவர் கணக்கு. வரியைப் பொருள் விலை விகிதத்தில் பிரித்தோம். அனுப்பும் செலவில்தான் பேச்சு நீண்டது. இரண்டாம் வீட்டில் பெரும்பாலும் பூட்ஸும் தெர்மலும்: கனம், ஆனால் இடம் கொஞ்சம். நான்காம் வீட்டில் கோட்டுகள்: லேசு, இடம் அதிகம். எடையை வைத்துப் பிரித்தால் இரண்டாம் வீட்டுக்கு நஷ்டம், இடத்தை வைத்தால் நான்காம் வீட்டுக்கு. வேக்யூம் கட்டுக்குப் பிறகு தராசு எடையும் கட்டண எடையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால், கிடங்கு ஒவ்வொரு பொருளுக்கும் பதிந்த எடையையே அடிப்படையாக வைக்கலாம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

காத்திருந்ததால் ஏறிய 336 யுவானை மூன்றாம் வீடே கட்டுவதாகச் சொன்னது. அக்கா, "நமக்குள்ள என்ன, விடுங்க" என்றார். இரண்டாம் வீட்டுக்காரர்தான் விடவில்லை: "கணக்கு கணக்கா இருக்கட்டும் அக்கா. அப்பத்தான் அடுத்த தடவையும் சேர்ந்து வாங்க முடியும்." காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தது நான்கு வீடும் சேர்ந்துதான் என்பதால் பாதியை மூன்றாம் வீடும் மீதிப் பாதியை மற்ற மூவரும் ஏற்பதென்று முடிந்தது.

அடுத்த முறைக்கு

இவர்கள் மறுபடியும் சேர்ந்து வாங்கத்தான் போகிறார்கள். மாற்றப் போவதாக எழுதி வைத்திருப்பவற்றில் எனக்குப் பயனுள்ளதாகப் பட்டவை இவை. ஒரே ஷீட், ஒரே ஏஜென்ட், ஆனால் வீட்டுக்கு ஒரு பெட்டி. ஏஜென்ட் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவரா என்பதை முதல் ஆர்டருக்கு முன் கேட்பது. பதிவு செய்தவரென்றால் பெட்டி எத்தனையானாலும் வரி ஒன்றுதான், அப்போது சேர்த்தே அனுப்பலாம். பெட்டி மூடும் தேதிக்குப் பத்து நாளுக்கு முன் கிடங்குக்கு வராத பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ரத்து செய்வது. படம் பார்க்கும் பொறுப்பை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது. படம் ஏறிய அன்றே சீட்டு, கைநீளம், உள் அட்டை, பூட்ஸின் அடி ஆகிய நான்கையும் பார்த்து ஷீட்டில் குறிக்க வேண்டும். பண்டிகை வாரத்தில் பொருள் கிடங்கில் இறங்காதபடி ஆர்டரைத் தள்ளிப்போடுவது. இதில் சீனாவின் விடுமுறை, நம் விடுமுறை இரண்டும் சேரும்.

முடியாமல் இருப்பது ஒன்று. ரத்தான மூன்றாவது கோட்டின் 410 யுவான் வங்கிக்குத் திரும்பவில்லை, ஏஜென்ட்டின் செயலியில் அக்காவின் பெயரில் இருக்கும் கணக்கில் வரவாகியிருக்கிறது. அங்கிருந்து எடுக்கக் கட்டணம் உண்டு. அக்கா மூன்றாம் வீட்டுக்குத் தன் கையிலிருந்து 76 வெள்ளி கொடுத்துவிட்டார். செயலியில் கிடக்கும் தொகையில் மார்ச் விடுமுறைக்கு முன் யாராவது ஏதாவது வாங்கி, அதற்கான காசை அக்காவிடம் கொடுத்துத் தீர்ப்பதாகப் பேச்சு.